அம்மாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி: மழைக்கு முன்பா, அமெரிக்கா சென்ற பிறகா?

கேள்வி:
என் தாயாருக்கு வயது 71. நெடுநாள் சர்க்கரை நோயாளி. நவம்பர் இறுதியில் தாம்பரத்திலிருந்து நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குச் சென்று, மார்ச் வரை தங்கவிருக்கிறார். சென்ற ஆண்டு ஃப்ளூ காய்ச்சலால் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தவர் என்பதால் எனக்கு அச்சம் அதிகம். இந்த ஆகஸ்ட் மாதத்திலேயே ஊசி போட்டுவிட்டால், அங்கே குளிர் உச்சமடையும்போது அதன் வலு குறைந்துவிடுமா? ஜூலையில் அவருக்குக் கோவிட் வந்துபோனது. பூஸ்டரையும் சேர்த்தே போடலாமா?

மறுமொழி 1:
அமெரிக்கா சென்று போட்டுக்கொள்ளலாம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பெருகும் ஃப்ளூ, சென்னை, வேலூர்ப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில்தான் உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் தாயார் ஒரு ஃப்ளூ காலத்தைக் கடந்தாக வேண்டும். ஊசி போட்ட பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். அதே வேளையில், முதியவர்களுக்கு அந்த ஆற்றல் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது என்பதால், 65 வயதைக் கடந்தவர்கள் ஜூலை, ஆகஸ்டில் போட்டுக்கொள்வதைப் பொதுவாகத் தவிர்க்குமாறு அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் சொல்கிறது. சென்னையின் மழைக்காலம், அமெரிக்கக் குளிர்காலம் இரண்டுக்கும் செப்டம்பர் நடுப்பகுதி பொருந்தும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எந்த ஊசி என்பதையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வட அரைக்கோளக் குளிர்காலத்துக்கான ஊசியில் சேர்க்க வேண்டிய வைரஸ் வகைகளைப் பிப்ரவரியிலும், அடுத்த ஆண்டின் தென் அரைக்கோளக் குளிர்காலத்துக்கானவற்றைச் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் இரண்டு வகையும் விற்பனைக்கு வருவதால், முந்தைய செப்டம்பர் பரிந்துரைப்படி தயாரான மருந்தே இன்னும் கையிருப்பில் இருக்கக்கூடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் படித்து, இவ்வாண்டின் வட அரைக்கோள ஊசியைக் கேட்டு வாங்குங்கள். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்க வேண்டிய மருந்து என்பதால், கடையில் வாங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதைவிட, மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

மறுமொழி 3:
கோவிட் பற்றி: தொற்று வந்தவர்கள் அடுத்த தவணையை 3 மாதம் தள்ளிப்போடலாம், அப்படியானால் உங்கள் தாயாருக்கு அக்டோபர் ஆகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் வெவ்வேறு கைகளில் போடலாம்தான், ஆனால் அதற்காக ஃப்ளூ ஊசியைத் தாமதப்படுத்த வேண்டாம். என் தந்தைக்காக நான் விசாரித்த இடங்களில் கோவிட் ஊசி கிடைக்கவில்லை. நியூ ஜெர்சி சென்ற பிறகே அவர் போட்டுக்கொண்டார். பயணக் காப்பீடு பெரும்பாலும் தடுப்பூசிச் செலவை ஏற்பதில்லை, எனவே கட்டணத்தையும், மருத்துவர் சீட்டு வேண்டுமா என்பதையும் தங்கையை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அம்மா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்கிறார். அதனால் தடை உண்டா?

மறுமொழி 1:
பொதுவாகத் தடையில்லை. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல், செவிலியரிடம் முன்னரே தெரிவியுங்கள். மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடமேனும் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள்.