நீளச் சமனா, பயணநேரச் சமனா?

அன்புடையீர், வணக்கம்.

டிடிஆர்3 நினைவகச் சில்லுகளுக்கான சுற்றுப்பலகை நெறிகளைத் தமிழில் எழுதுகையில், ஒரே குழுவைச் சேர்ந்த தடங்களை (சில்லுகளை இணைக்கும் செம்புக் கோடுகளை) சம நீளத்தில் வரையும் ‘லெங்த் மேட்சிங்’ நெறிக்கு ‘நீளச் சமன்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. சொல் எளிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த நெறி காக்க விரும்புவது நீளத்தை அன்று, நேரத்தை. ஆகவே ‘பயணநேரச் சமன்’ என்று வைப்பதே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

நொடிக்கு 1600 மெகா மாற்றங்கள் நிகழும் டிடிஆர்3 இணைப்பில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 625 பிக்கோநொடி மட்டுமே (ஒரு பிக்கோநொடி என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எஃப்ஆர்4 எனும் வழக்கமான கண்ணாடியிழைப் பலகையின் உள்ளடுக்கில் ஒரு மில்லிமீட்டரைக் கடக்கச் சமிக்ஞைக்கு ஏறத்தாழ 7 பிக்கோநொடி ஆகிறது. மேலடுக்குத் தடத்தின் ஒருபுறம் காற்று இருப்பதால் அங்கே ஏறத்தாழ 6 போதும். ஒரே பைட்டைச் சேர்ந்த இரு தரவுத் தடங்களை இவ்விரு அடுக்குகளிலும் 50 மில்லிமீட்டர் என்று அச்சுப் பிசகாமல் வரைந்தாலும், ஒன்று மற்றதைவிட 50 பிக்கோநொடி பிந்தியே சேரும். நீளச் சமன் இருக்கிறது, நெறியோ மீறப்பட்டிருக்கிறது. அடுக்கு மாறும் துளையின் ஆழமும் சில்லின் உறைக்குள் ஓடும் இணைப்பும் இதே கணக்கில் சேர்பவை.

டிடிஆர்3-இன் ‘ஃப்ளை-பை’ அமைப்பு இதை இன்னும் தெளிவாக்குகிறது. அதில் கடிகாரத் தடமும் முகவரித் தடங்களும் சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்வதால், ஒவ்வொரு சில்லுக்கும் கடிகாரம் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது; அந்த வேறுபாட்டை நினைவகக் கட்டுப்படுத்தி, தரவை எப்போது படிக்க வேண்டும் என்று காட்டும் ஸ்ட்ரோப் சமிக்ஞையின் நேரத்தைப் பைட்டுக்குப் பைட் நகர்த்தி ஈடுசெய்கிறது. ஒரு பைட்டுக்குள் உள்ள தடங்களின் சமனையோ பலகை வரைபவரே காக்க வேண்டியுள்ளது.

வரைவு மென்பொருள் மில்லிமீட்டரில்தானே காட்டுகிறது என்ற மறுப்பு எழலாம். தாமதத்தைப் பிக்கோநொடியிலேயே காட்டும் மென்பொருள்களும் உண்டு. இச்சொல்லை ஏற்றால், தடங்களுக்கிடையே எழும் நேர வேறுபாடான ‘ஸ்க்யூ’ என்பதைப் ‘பயணநேர விலகல்’ என்று எளிதாக அமைத்துக்கொள்ளலாம்.

நீளம் கூட்டுவதற்காக வளைத்து வளைத்து வரையும் ‘செர்பென்டைன்’ தடத்துக்கு முன்மொழியப்பட்ட ‘நெளிதடம்’ அழகாக அமைந்திருக்கிறது. அதை அப்படியே ஏற்கலாம். விளக்கக் குறிப்பில் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டுகிறேன்: நெளிவுகள் மிக நெருங்கினால் சமிக்ஞையின் ஒரு பகுதி குறுக்கே தாவி முந்திச் சேர்ந்துவிடும் என்பதால், கூட்டிய நீளம் முழுவதும் தாமதமாக மாறாது.