டமி, எக்டமி, ஸ்டமி: மூன்றுக்கும் ‘அறுவை’ ஒன்றே போதுமா?

முதல் மடல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அறுவை அரங்கிலும் வார்டிலும் பணிபுரியும் செவிலியர்க்கான கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. பெருங்குடலைக் கீறித் திறக்கும் கொலாட்டமி, அதை வெட்டி எடுக்கும் கொலெக்டமி, அதிலிருந்து மலம் வெளியேற வயிற்றுத் தோலில் வழி அமைக்கும் கொலாஸ்டமி மூன்றும் ஒரே பக்கத்தில் வருகின்றன. மூன்றையும் ‘பெருங்குடல் அறுவை’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றுமே விளங்காது. ‘ஐட்டிஸ்’ ஈற்றுக்கு ‘அழற்சி’ நிலைத்துவிட்டதுபோல இவற்றுக்கும் நிலையான ஈறுகள் வேண்டும்.

என் முன்மொழிவு: டமிக்கு வெட்டு, எக்டமிக்கு நீக்கம், ஸ்டமிக்குத் துளைப்பு. தாவரவியலில் ஸ்டோமாவை இலைத்துளை என்கிறோம். அதனால் மூன்றாவதற்குத் ‘துளைப்பு’ பொருந்தும் என்று நினைக்கிறேன். டிராக்கியாட்டமிக்கு ‘மூச்சுக்குழல் வெட்டு’ என்பது நோயாளியின் வீட்டாரை மிரட்டும் என்றால் ‘திறப்பு’ என்று மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1

> மூன்றாவதற்குத் ‘துளைப்பு’ பொருந்தும்

வணக்கம் அம்மா. ‘நீக்கம்’ சரி. ‘துளைப்பு’ வேண்டாம்.

கிரேக்கத்தில் ‘தொமே’ என்றால் வெட்டு. அதற்குமுன் ‘வெளியே’ என்னும் பொருளுள்ள ‘எக்’ சேர்ந்தால் ‘எக்தொமே’, அதாவது வெட்டி எடுத்துவிடுதல். ‘ஸ்தொமா’ இவற்றோடு எந்த உறவும் இல்லாத தனிச்சொல். அதன் பொருள் வாய். ஆட்டமிக்கும் ஆஸ்டமிக்கும் நடுவே ஓர் ‘ஸ்’ மட்டுமே வேறுபடுவதால் ஒன்று மற்றதன் திரிபு என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

கையேடு செவிலியர்க்கானது என்பதால், அறுவை முடிந்து நோயாளி வார்டுக்கு வரும்போது உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஈறு சொல்ல வேண்டும். டமி என்றால் திறந்து வேலையை முடித்துப் பெரும்பாலும் மூடியாயிற்று. எக்டமி என்றால் உறுப்போ அதில் ஒரு பகுதியோ இப்போது இல்லை. ஸ்டமி என்றால் ஒரு வழி திறந்தே இருக்கிறது, அதைத் தினமும் பராமரிக்க வேண்டும்.

‘துளை’யின் சிக்கல் இங்கேதான் வருகிறது. ‘குடலில் துளை’ என்று குறிப்பேட்டில் கண்டால் எந்தச் செவிலியரும் மருத்துவரை அழைக்க ஓடுவார். டைஃபாய்டு முற்றியோ புண் ஆழமாகியோ குடல் ஓட்டையாகி, உள்ளிருப்பது வயிற்றறைக்குள் கசியும் அவசர நிலை அது. அறுவை மருத்துவர் வேண்டுமென்றே அமைத்த வழிக்கும் அதே சொல்லை வைக்க முடியாது.

வாய் என்றே வைப்போம். ‘கருப்பை வாய்ப் புற்றுநோய்’ சுகாதாரத்துறைச் சுவரொட்டிகளில் எல்லோரும் படிக்கும் சொல். புண்ணுக்கும் வாய் உண்டு, கட்டிக்கும் வாய் உண்டு. மலம் வரும் இடத்தை ‘வாய்’ என்றால் நோயாளி முகம் சுளிக்க மாட்டாரா என்று கேட்கக்கூடும். சித்த மருத்துவத்தில் ‘எருவாய்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதில் யாரும் குறை காணவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் கொலாஸ்டமி என்பது அறுவையையும் குறிக்கும், அதனால் உண்டான திறந்த வழியையும் குறிக்கும். நாம் இரண்டையும் பிரிக்கலாம்: செயல் ‘பெருங்குடல் வாயமைப்பு’, விளைவு ‘பெருங்குடல்வாய்’. ‘வாயமைப்பு நேற்று நடந்தது, குடல்வாய் இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கிறது’ என்று பணிமாற்றத்தில் சொல்ல முடியும். அந்த நிறம் கறுத்தால் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று பொருள். உடனே தெரிவிக்க வேண்டிய செய்தி என்பதால் சொல் குழம்பவே கூடாது.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வாய் அமைக்கும் இலியாஸ்டமியைப் பின்சிறுகுடல்வாய் என்று தனியே எழுத வேண்டும். பொதுவாகக் ‘குடல்வாய்’ என்று விட்டுவிட்டால் பராமரிப்பே தவறிவிடும். அதில் வருவது நீர்த்த கழிவு, செரிப்பு நொதிகள் நிறைந்தது, தோலை அரிக்கும். அதனால்தான் குடல் முனையைத் தோலுக்கு மேலே சுமார் 2 முதல் 3 செ.மீ. நீட்டி வைக்கிறார்கள், கழிவு நேரே தோலில் ஒட்டியுள்ள சேகரிப்புப் பைக்குள் விழும். இடப்பக்கப் பெருங்குடல்வாயில் மலம் கெட்டியாக வருவதால் அது தோல் மட்டத்தை ஒட்டியே இருக்கலாம்.

பெயரில் ஓர் உறுப்பு மட்டும் வந்தால் பெரும்பாலும் வழி தோலுக்கு வெளியே திறக்கும். இரண்டு உறுப்புகள் வந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு உள்ளேயே வழி. கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமியில் இரைப்பை இடைச்சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது, வெளியே எதுவும் தெரியாது, பையும் தேவையில்லை. இந்த வகைக்கு ‘இணைவாய்’: இரைப்பை–இடைச்சிறுகுடல் இணைவாயமைப்பு. நீளம்தான், ஆனால் கிரேக்கத்திலும் அது நீளம்தான்.

மறுமொழி 2

> ‘திறப்பு’ என்று மாற்றிக்கொள்ளலாம்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் சாவி. ‘வயிற்றுத் திறப்பு’ என்று எழுதினால் எங்கள் வாசகர் ஒரு கணம் திகைப்பார். தவிர, ‘திறந்தே இருக்கும் வழி’க்கு வாய் என்று பெயரிட்டபின் டமிக்குத் ‘திறப்பு’ என்பது மறுபடியும் இரண்டையும் குழப்பிவிடும். ‘அறுப்பு’ என்றால் மூச்சுக்குழலோடு சேர்ந்து கழுத்தறுப்பு ஆகிவிடும்.

கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பது என்று இரு கரையிலும் சொல்கிறோம். மென்திசுக்களுக்குக் ‘கீறல்’ போதும்: வயிற்றுச்சுவர்க் கீறல், கருப்பைக் கீறல். 1847-இல் இலங்கை வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன், சர்ஜரிக்கு ‘இரண வைத்தியம்’ என்றே வைத்தார். மக்கள் வாயில் இருக்கும் சொல்லிலிருந்து தொடங்குவது நமக்கும் நல்ல வழி.

உறுப்புப் பெயர்களையும் கவனியுங்கள். உங்கள் மூச்சுக்குழல் எங்கள் பாடநூலில் வாதனாளி, கணையம் எங்களுக்குச் சதையி. ஈறு பொதுவாகிவிட்டால் முன்சொல்லை அவரவர் மாற்றிக்கொள்ளலாம். மூச்சுக்குழலைக் குறிக்கும் டிராக்கியா என்ற வேரை நம்பிப் பயனில்லை. அது ‘கரடுமுரடான’ என்னும் கிரேக்கப் பெயரடை. ‘கரடுமுரடான தமனி’ என்ற பழைய தொடரில் தமனி உதிர்ந்து பெயரடை மட்டும் நின்றுவிட்டது.

மறுமொழி 3

> மென்திசுக்களுக்குக் ‘கீறல்’ போதும்

ஏற்கிறேன் ஐயா. ஆனால் எலும்பைக் கீற முடியாது. ஆஸ்டியாட்டமியில் எலும்பை ரம்பத்தாலோ உளியாலோ வெட்டிக் கோணத்தைத் திருத்துகிறார்கள். அங்கே ‘எலும்பு வெட்டு’ என்றே இருக்கட்டும். ஒரு கிரேக்க ஈற்றுக்கு ஒரே தமிழ் ஈறுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மண்டையோட்டில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கிரேனியாட்டமியில் எலும்பின் ஒரு பலகையை எடுத்து, மூளையில் வேலை முடிந்ததும் திரும்பப் பொருத்திவிடுகிறார்கள். கிரேனியெக்டமியில், மூளை வீங்கியிருந்தால் அதற்கு இடம் கிடைக்கட்டும் என்று எலும்பை அப்போது திருப்பி வைப்பதில்லை. இரண்டாவது நோயாளியை எலும்பில்லாத பக்கம் படுக்க வைக்கக் கூடாது. ‘மண்டையோட்டு வெட்டு’, ‘மண்டையோட்டு எலும்பு நீக்கம்’ என்று பிரித்தால் படுக்கையின் தலைமாட்டில் எழுதும்போதே எச்சரிக்கை வந்துவிடும்.

‘நீக்கம்’ என்ற ஈற்றிலும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, முழுதா பகுதியா என்பது. வெறும் ‘இரைப்பை நீக்கம்’ முழுவதும் போய்விட்டதாகவே படும். ‘பகுதி’ என்ற அடையை விடவே கூடாது. வாசெக்டமியில் இன்னும் மோசம். விந்துக்குழலில் சிறு துண்டை எடுத்து முனைகளை அடைப்பதுதான் நடக்கிறது. ‘விந்துக்குழல் நீக்கம்’ என்று எழுதினால், அறுவைக்கு வரவிருந்தவர் அஞ்சிப் பின்வாங்குவார். இங்கே வேரை விட்டுவிட்டு ‘விந்துக்குழல் துண்டிப்பு’.

இரண்டாவது, எதை நீக்குகிறோம் என்பது. ஹிஸ்டெரெக்டமி கருப்பை நீக்கம். மயோமெக்டமி கருப்பையில் உள்ள நார்க்கட்டியை மட்டும் எடுப்பது, கருப்பை அப்படியே இருக்கும். பேச்சில் இரண்டுக்கும் ‘கர்ப்பப்பை ஆபரேஷன்’தான். ஒப்புதல் படிவத்தில் அந்தப் பேச்சுச்சொல் ஏறிவிட்டால், இனிக் குழந்தை பெறும் வாய்ப்பு உண்டா இல்லையா என்பதே தெரியாமல் ஒரு பெண் கையெழுத்திடுவார். ‘கருப்பை நார்க்கட்டி நீக்கம் (கருப்பை அகற்றப்படாது)’ என்று அடைப்புக்குறி விளக்கத்தோடே பட்டியலில் சேருங்கள். இதில் சொற்சிக்கனம் பார்க்கக் கூடாது.

வாயமைப்புக்கும் ஒரு விலக்கு. கருக்குழாயில் கரு தங்கிவிட்டபோது செய்வது சால்பிங்காட்டமி, சால்பிங்காஸ்டமி, சால்பிங்கெக்டமி. முதலாவதில் குழாயைக் கீறிக் கருவை எடுத்துத் தைக்கிறார்கள். இரண்டாவதில் தைக்காமல் விடுகிறார்கள், கீறல் தானே ஆறி மூடிக்கொள்ளும். மூன்றாவதில் குழாயையே எடுத்துவிடுகிறார்கள். நடுவில் உள்ளதை ‘வாயமைப்பு’ என்றால் நிலையான வழி ஒன்று இருப்பதாகப் பொருள் வந்துவிடும். ஈறு ஸ்டமியாக இருந்தாலும் ‘தையலில்லாக் கருக்குழாய்க் கீறல்’ என்பதே நடந்ததைச் சொல்கிறது.

கண் பிரிவிலிருந்து வரும் டாக்ரியோசிஸ்டோரைனாஸ்டமியை இதே முறையில் உடைத்துப் பார்த்தேன்: கண்ணீர், பை, மூக்கு, வாய். கண்ணீர் வடியும் நாளம் அடைபட்டால், பைக்கும் மூக்கறைக்கும் இடையே உள்ள எலும்பில் வழி செய்து இரண்டையும் இணைப்பது. இரண்டு உறுப்புகள், வெளியே வழி இல்லை. ஆகவே ‘கண்ணீர்ப்பை–மூக்கு இணைவாயமைப்பு’. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம். அடுத்து ரேஃபி, பெக்ஸி, பிளாஸ்டி மூன்றுக்கும் தையல், நிலைநிறுத்தம், சீரமைப்பு என்று எடுத்துக்கொண்டு பேசுவோம்.