இரண்டு மடங்கு இழுத்தால் மின்தடை மாறாதா?

ஓம்விதி: "இழுபடும் கடத்து பாலிமரை (மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை) இரண்டு மடங்கு இழுத்தாலும் மின்தடை மாறாது" என்று நீள்பட்டை நேற்று இந்த மன்றத்தில் அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நீளம் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு பாதியாகும். தடை நான்கு மடங்கு. எந்தப் பொருளைக் கொண்டுவந்தாலும் இந்தக் கணக்குக்குத் தப்ப முடியாது.

நீள்பட்டை: அந்தக் கணக்கு செம்புக் கம்பிக்கு. ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவ் குழு 2017-இல் வெளியிட்டதைப் படித்தீர்களா? பெடாட்:பிஎஸ்எஸ் என்ற கடத்து பாலிமரில் அயனிச் சேர்மம் கலந்தார்கள். இழுக்காதபோது கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 3,100 சீமன்ஸுக்கு (அதன் அலகு) மேல். 100 சதவீதம் இழுத்தபோது 4,100-க்கு மேல். பாலிமரின் மூலக்கூறுச் சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசையாகின்றன. கடத்துவது கூடுகிறது ஐயா, கூடுகிறது!

ஓம்விதி: உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். கடத்துதிறன் கூடிய அளவுக்குத் தடை குறையும்; நான்கை 3,100-ஆல் பெருக்கி 4,100-ஆல் வகுத்துப் பாருங்கள். தடை மூன்று மடங்கு. மாறாது என்றீர்களே, எங்கே?

நீள்பட்டை: நான்கு என்றவர் இப்போது மூன்றுக்கு வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பேசினால் ஒன்றுக்கே வந்துவிடுவார்.

காலியம்: இரண்டு பேரும் திரவ உலோகத்தை மறந்துவிட்டீர்கள். 75 பங்கு காலியம், 25 பங்கு இண்டியம்; சுமார் 15.5 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். துளித்துளியாக ரப்பருக்குள் பரப்பினால், இழுக்கும்போது தடை உங்கள் நான்கு மடங்கை எட்டுவதே இல்லை.

ஓம்விதி: வந்துவிட்டார்! பேச்சு பாலிமரைப் பற்றி. எந்த விவாதம் ஓடினாலும் காலியத்தோடு வந்து நிற்பது உங்கள் வழக்கம். போன முறையும் இப்படித்தான் குழப்பினீர்கள்.

காலியம்: ரப்பர் பாலிமர் இல்லையா? போன முறை பதில் சொல்லாமல் போனது நீங்கள்தான்.

கரிப்பட்டை: நான் கரித்தூள் கலந்த சிலிக்கோன் பட்டையில் உணரி செய்கிறேன். இரு முனையிலும் கிளிப் மாட்டி இழுத்தால் மீட்டரில் எண் தாவுகிறது. அது சரி. கையை விட்டு, பட்டை பழைய நீளத்துக்கு வந்தபிறகும் எண் மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கிறது. பட்டை அசையாமல் கிடக்கிறது, எண் மட்டும் நிற்கவில்லை. எனக்கு இதுதான் தலைவலி. இதைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

ஓம்விதி: பார்த்தீர்களா? தாவுகிறது என்கிறார். நான் முதல் வரியிலிருந்து சொல்வது அதுதான்.

கரிப்பட்டை: நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை சார். கரித்தூளில் துகளுக்குத் துகள் உள்ள தொடர்பு அறுந்து, பிறகு சேர்கிறது. உங்கள் பரப்புக் கணக்குக்குள் அது அடங்காது.

நீள்பட்டை: கடத்து பாலிமருக்காக ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் 2000-இல் வேதியியல் நோபல் வாங்கினார்கள். பிளாஸ்டிக் கடத்தாது என்று அன்றும் ஒருவர் கணக்குப் போட்டிருப்பார்.

ஓம்விதி: அவர்களுடைய பாலிஅசிட்டிலின் ரப்பர் மாதிரி இழுபடும் பொருளே இல்லை. நோபலைக் காட்டி என் வாயை அடைக்க வேண்டாம். ஒரே கேள்வி: மாறுமா, மாறாதா?

நீள்பட்டை: கடத்துவது கூடுகிறது.

ஓம்விதி: நான் கேட்டது தடையை!