சீமைக் கருவை வெட்ட எந்த அளவு செயின் சா வாங்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். இளையான்குடிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அப்பா போன பிறகு ஒன்பது வருஷமாக யாரும் உழவில்லை. முழுக்க சீமைக் கருவை மண்டிவிட்டது. பெரும்பாலும் கை தடிமன், தொடை தடிமன்தான். கண்மாய்க் கரையோரம் மட்டும் ஒரு அடி விட்டத்தில் பத்துப் பதினைந்து மரங்கள் நிற்கின்றன. போன மாதக் காற்றில் ஒரு புளியமரமும் சாய்ந்துவிட்டது. அதன் அடிமரம் இரண்டரை அடி இருக்கும்.

அம்மா நெல் அவித்துக் கொடுக்கும் வேலை செய்கிறார். வாரத்தில் மூன்று நாள் அண்டா அடுப்பு எரிகிறது. சொந்த நிலத்தில் இத்தனை விறகு நிற்கும்போது காசு கொடுத்து வாங்குவது மனசுக்கு ஒப்பவில்லை. சனி, ஞாயிறுகளில் நானே வெட்டலாம் என்றிருக்கிறேன். செயின் சாவை இதுவரை கையில் பிடித்ததில்லை.

இணையத்தில் 58 சிசி இன்ஜின், 22 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) என்று பத்தாயிரத்துக்குள் கிடைக்கிறது. ஸ்டில், ஹஸ்க்வர்னா கம்பெனிகளில் 45, 50 சிசி மெஷினுக்கே பல மடங்கு கேட்கிறார்கள். சிசி குறைவாக இருப்பதற்கு எதற்கு அதிக விலை? என்னிடம் 35,000 வரை இருக்கிறது. எதை வாங்குவது?

தென்னந்தோப்பு_பேராவூரணி:
2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தோப்பில் அறுபது மரத்துக்கு மேல் விழுந்தது. அவசரத்தில் அப்படி ஒரு 58 சிசி மெஷின்தான் வாங்கினேன். அந்த ஒரு மாதம் நன்றாகவே உழைத்தது, பொய் சொல்லக்கூடாது. அப்புறம் செயினுக்கு ஆயில் போகவில்லை. பம்ப்பை மாற்றலாம் என்று தஞ்சாவூர் வரை போய்த் தேடினேன், பொருந்துகிற பம்ப் கிடைக்கவே இல்லை. இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது. ஒரே ஒரு வேலைக்கு என்றால் வாங்குங்கள். வருஷக்கணக்கில் விறகு வெட்ட வேண்டுமென்றால் யோசியுங்கள்.

கரிமூட்டம்:
தம்பி, நான் கமுதிப் பக்கம். பதினாறு வயதில் அரிவாளோடு கருவைக் காட்டுக்குள் போனவன். மெஷின் பிடித்து இந்த வருஷத்தோடு பத்தொன்பது வருஷம் ஆகிறது. கரி மூட்டத்துக்கு வெட்டியதெல்லாம் கருவைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பாரின் நீளத்தை முடிவு செய்யுங்கள், சிசி அப்புறம். கருவை மற்ற மரம் மாதிரி ஒற்றைத் தண்டாக நிற்பதில்லை. ஒரே தூரிலிருந்து ஐந்தாறு கிளை கிளம்பி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கும். அதற்குள் 22 இஞ்ச் பாரை நுழைத்தால், நீங்கள் முன்னால் இருக்கும் கிளையை அறுக்கும்போதே பாரின் நுனி பின்னால் இருக்கும் கிளையில் முட்டும். நுனியின் மேல்பாதி ஓடுகிற நிலையில் எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளி வரும். கண் இமைக்கிற நேரம்கூடக் கிடைக்காது. கருவைக்கு 16 இஞ்ச் போதும். உங்கள் ஒரு அடி மரங்களுக்கு 18 இஞ்ச் தாராளம்.

இந்த நீளத்துக்கு 45 முதல் 50 சிசி சரியாக இருக்கும். ஸ்டில் எம்எஸ் 250 என்றால் 45.4 சிசி, பாரும் செயினும் இல்லாமல் 4.6 கிலோ. ஹஸ்க்வர்னா 450 என்றால் 50.2 சிசி, எடை கொஞ்சம் கூடுதல். பெட்ரோலும் ஆயிலும் ஊற்றிப் பாரை மாட்டினால் எதுவும் ஆறு கிலோவைத் தாண்டிவிடும். அரை கிலோ வித்தியாசம் கடையில் தெரியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு, குனிந்தபடி நூறாவது கிளையை அறுக்கும்போது நன்றாகவே தெரியும். அசந்த கைதான் தவறு செய்யும்.

நான் எம்எஸ் 250தான் வைத்திருக்கிறேன். அதற்காக நீங்களும் அதையே வாங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் கடை இருக்கிறதோ அந்த மெஷினை வாங்குங்கள். கடைக்குப் போனதும் மெஷின் விலையைக் கேட்காதீர்கள். செயின், ஸ்பிராக்கெட் (செயினைச் சுற்றும் பல்சக்கரம்), ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, இந்த நாலும் இப்போது கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினால் அதுதான் நல்ல கடை. பெட்ரோல் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சும்மா ஓடும்போது செயின் சுற்றக்கூடாது. பிரேக்கை முன்னால் தள்ளினால் அந்த நொடியே நிற்க வேண்டும். ஒரு அட்டைக்கு நேராக நுனியைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அந்த மெஷினை எடுக்காதீர்கள்.

செயினில் பல்லின் முனை கூராக மூலை வைத்தது ஒன்று, முனை சற்று உருண்டது ஒன்று என இரண்டு உண்டு. உருண்டதையே கேட்டு வாங்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் நம்ம ஊர்ப் புழுதி படிந்த பட்டையில் சீக்கிரம் மழுங்காது. அடுத்த செயின் வாங்கப் போகும்போது 18 இஞ்ச் என்று மட்டும் சொன்னால் தப்பான செயின்தான் வரும். பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி), பாரின் பள்ளத்துக்குள் ஓடும் உள்பல்லின் கனம், அந்த உள்பல் எண்ணிக்கை, மூன்றையும் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெட்டும் விதம். தரையோடு ஒட்டி வெட்டாதீர்கள். செயின் ஒரு தடவை மண்ணைத் தொட்டால் அன்றைய கூர் போச்சு. முழங்கால் உயரம் விட்டு வெட்டுங்கள். எப்படியும் கருவையைத் தூரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்கு தளிர்த்துவிடும். பிறகு ஜேசிபி வைத்துத் தூர் பிடுங்கும்போது அந்த முழங்கால் உயரக் கட்டை பிடிப்புக்கு உதவும். மெஷினைக் கிளப்பும் முன் முள் விளாரை அரிவாளால் கழித்து, கவைக்கம்பால் இழுத்து ஓரம் போட்டுவிடுங்கள். கால் வைக்க இடம் சுத்தமாக இல்லாமல் மெஷினைத் தொடவே கூடாது.

வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளைதான் எனக்குப் பயம். 2011-இல் ஒரு கிளை மற்றொன்றின் அடியில் வில் மாதிரி வளைந்திருந்தது. மேல்பக்கம் வைத்து அறுத்தேன். பாதி அறுபடும் முன் தெறித்துத் தாடையில் அடித்தது. இரண்டு பல் போனது, ஒன்றரை மாதம் கஞ்சிதான் குடித்தேன். அப்படிப்பட்ட கிளையை வளைவின் உள்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். விறைப்பு மெல்லத் தளரும். அது தெறிக்கும் திசையில் நிற்கவே கூடாது.

புளியமரத்தைக் கூலிக்குப் பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள். அந்த ஒரு மரத்துக்காகப் பெரிய மெஷின் வாங்கி வருஷம் முழுக்கச் சுமக்க வேண்டாம்.

வைகைக்கரை:
அண்ணே, ரொம்ப நன்றி. இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தாடையில் அடிபட்டதைப் படித்து அம்மாவுக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. இரண்டு சந்தேகம். விறகு காய்ந்த பிறகு துண்டு போடுவதா, பச்சையாகவேவா? அரம் போடுவதை நானே கற்றுக்கொள்ள முடியுமா, கடையில் கொடுத்துவிடலாமா?

பட்டறை_பரமக்குடி:
குறுக்கே வருகிறேன், பெட்ரோல் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. என் பட்டறைக்கு பிஸ்டன் பிடித்துக்கொண்டு வரும் மெஷின்களில் பெரும்பாலும் ஆயில் கலக்காத பெட்ரோல்தான் காரணம். வீட்டில் யாரோ வண்டிக்கு வைத்திருந்ததை எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். கலந்த பெட்ரோலுக்குத் தனி கேன், அதில் பெரிதாக எழுதி வையுங்கள். ஸ்டில்லுக்கு அவர்களுடைய ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, வேறு டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) என்றால் 40 மில்லி. மற்ற மெஷினுக்கு அதன் புத்தகத்தில் உள்ளதே கணக்கு.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஈரத்தை இழுக்கும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நீங்கள் வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர். இரண்டு மூன்று வாரம் ஓட்டமாட்டோம் என்று தெரிந்தால் டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். கார்புரேட்டர் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு பிழைக்கும்.

கரிமூட்டம்:
தம்பி பட்டறைக்காரர் சொன்னது முற்றிலும் சரி.

பச்சையாகவே துண்டு போட்டுவிடுங்கள். காய்ந்த கருவை இரும்பு. அடுப்பு வாய்க்கு ஏற்ற நீளத்தை அம்மாவிடம் கேட்டு, அதே அளவில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு அறுங்கள். கருவை பச்சையிலேயே எரியும் என்றாலும் புகை அதிகம். அவியல் அடுப்பு முன் மணிக்கணக்கில் நிற்பவர் அவர், இரண்டு மாதமாவது காயட்டும்.

அரம் போடுவதைக் கடையில் கொடுக்காதீர்கள், கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 0.325 இஞ்ச் பிட்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லின் மேல் கோடு போட்டிருக்கும், அந்தச் சாய்வை விடாமல் உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கம் கூடினால் வெட்டு கோணலாகப் போகும். ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊற்றும்போதும் இதைச் செய்தால் ஐந்து நிமிஷ வேலை. மரத்தூள் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாக விழுந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், 35,000-ஐயும் மெஷினுக்கே போட வேண்டாம். கண்ணை மறைக்கும் வலையும் காது மூடியும் உள்ள ஹெல்மெட், முள் ஏறாத பூட்ஸ், வெட்டுத் தாங்கும் கால்சட்டை, இதற்கு முதலில் எடுத்து வையுங்கள். அந்தக் கால்சட்டைக்குள் இருக்கும் நார் செயினில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். வெயிலில் போட எரிச்சலாகத்தான் இருக்கும். காலை ஆறிலிருந்து பத்து வரை வெட்டினால் போதும்.

வைகைக்கரை:
சரிண்ணே. வருகிற சனிக்கிழமை மதுரைக்குப் போய் இரண்டு மெஷினையும் கையில் தூக்கிப் பார்க்கிறேன். அந்த நாலு சாமான் கேள்வியையும் எழுதி எடுத்துக்கொண்டேன். அடுப்பு நீளம் அம்மா அளந்து கொடுத்துவிட்டார்: முழங்கையிலிருந்து விரல் நுனி வரை.