ரயில் மறியலும் குழாய்வழியும்: வெட்சுவெட்டன் விவாதத்தில் அடிக்கடி எதிர்ப்படும் வாதங்கள்

வடகாற்று:

"இருபது கவுன்சில்கள் கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் யாருக்காக இந்த மறியல்?" கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெட்சுவெட்டன் பூர்வகுடி மக்களின் நிலம் வழியே போகும் கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய், அதை எதிர்த்து 2020இல் நடந்த ரயில் மறியல் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். எண்ணிக்கை சரி. டாசன் கிரீக் பக்கத்திலிருந்து கிட்டிமாட் துறைமுகம் வரை 670 கிலோமீட்டர் நீளும் அந்தக் குழாய்வழியில் 20 பூர்வகுடி நிர்வாகங்கள் டிசி எனர்ஜி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டன. வெட்சுவெட்டன் மக்களின் ஆறு கவுன்சில்களில் ஐந்து அதில் அடக்கம். ஹாக்வில்கெட் மட்டும் போடவில்லை.

சிக்கல், அந்தக் கவுன்சில்களின் அதிகாரம் எதுவரை என்பதில் இருக்கிறது. அவை கனடா பூர்வகுடிகளுக்காக 1876இல் போட்ட 'இந்தியன் சட்டத்தின்' கீழ் வந்தவை; பூர்வகுடிகளுக்கு என்று ஒதுக்கிய நிலமான ரிசர்வ் எல்லைக்குள் வீடு, பள்ளி, தண்ணீர் பார்ப்பவை. வெளியே இருக்கும் சுமார் 22,000 சதுர கிலோமீட்டர் மரபு நிலம் ஐந்து குலங்களுக்கும் அவற்றுக்குள் இருக்கும் 13 'வீடுகள்' எனப்படும் குடும்பக் கிளைகளுக்கும் உரியது. அதற்குப் பேச வேண்டியவர்கள் வீட்டுத் தலைவர்கள், அதாவது மரபுத் தலைவர்கள். பட்டம் தாய்வழியில் இறங்கும், விருந்து மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் உறுதியாகும். அந்த விருந்துச் சடங்கையே கனடா 1885 முதல் 1951 வரை தடை செய்து வைத்திருந்தது. குழாய் போவது பெரும்பாலும் ரிசர்வுக்கு வெளியே. ஆகவே கையெழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தால் விவாதம் நகராது. எந்த நிலத்துக்கு யார் கையெழுத்து என்று கேட்டால்தான் நகரும்.

குழாயை ஆதரிக்கும் தரப்புக்கும் நியாயம் உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது. வேலையில்லாத ஊரில் ஒப்பந்தப் பணம் வீடாகவும் பயிற்சியாகவும் வருகிறது. குழாய்க்கு ஆதரவாகத் தனிக் கூட்டணி அமைத்த மூன்று பெண்களின் தலைமைப் பட்டத்தை மற்ற மரபுத் தலைவர்கள் பறித்ததும் நடந்தது. "மரபுத் தலைவர்கள் எல்லோரும் ஒரே குரல்" என்று யாராவது சொன்னால் அதுவும் அரைகுறைத் தகவல்தான்.

கறுப்புக்கோட்டு:

மேலே சொன்னதோடு டெல்கமூக் தீர்ப்பையும் சேர்க்க வேண்டும். இவர்களின் நில உரிமை வழக்கில் 1997 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் கொடுத்தது. இதை இரண்டு தரப்பும் தப்பாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். மறியலின் ஆதரவாளர்கள் "நிலம் வெட்சுவெட்டனுடையது என்று தீர்ப்பாகிவிட்டது" என்பார்கள். ஆகவில்லை. பூர்வகுடி நில உரிமை என்று ஒன்று உண்டு, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு அதை அழிக்கும் அதிகாரம் கிடையாது, வாய்மொழி வரலாறும் சாட்சியமே என்றது நீதிமன்றம். ஆனால் இந்த நிலத்தில் அந்த உரிமை எங்கே எவ்வளவு என்பதை முடிவு செய்யாமல் மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. அந்த மறுவிசாரணை நடக்கவே இல்லை. மறியலை எதிர்ப்பவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, வழக்கைத் தொடுத்தவர்களே மரபுத் தலைவர்கள்தான், கவுன்சில்கள் அல்ல என்பதை விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, மறியலுக்கு எதிராகக் குழாய் நிறுவனம் வாங்கிய தடையுத்தரவு. இங்கே பலர் நினைப்பது, நீதிமன்றம் நில உரிமையைப் பார்த்துத்தான் மறியலை விலக்கச் சொன்னது என்று. இடைக்காலத் தடையுத்தரவில் நீதிபதி மூன்றே விஷயம் பார்ப்பார்: விசாரிக்கத் தக்க வழக்கு இருக்கிறதா, உத்தரவு இல்லாவிட்டால் ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா, இரு தரப்பில் யாருக்கு அதிகக் கஷ்டம். கட்டுமானக் கால அட்டவணையும் நாள் வாடகையும் காட்டும் நிறுவனத்துக்கு இரண்டாவது படி சுலபம். ஆறு கலங்கிப்போகும் என்பதைத் தாளில் எண்ணாக எழுத முடியாதவர்களுக்குக் கடினம். யெல்லோஹெட் ஆய்வு நிறுவனம் 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட உத்தரவுகளைப் பார்த்தபோது, பூர்வகுடிகளுக்கு எதிராக நிறுவனங்கள் கேட்டவற்றில் 76 சதவீதம் கிடைத்திருந்தன. நிறுவனங்களுக்கு எதிராகப் பூர்வகுடிகள் கேட்டவற்றில் 81 சதவீதம் நிராகரிக்கப்பட்டிருந்தன.

2019 டிசம்பர் 31 உத்தரவில் நீதிபதி இன்னொன்றும் சொன்னார்: பூர்வகுடி வழக்காறு, ஒப்பந்தம், நீதிமன்றப் பிரகடனம், சட்டம் போன்ற ஏதாவது ஒரு வழியில் ஏற்கப்படும்வரை கனடியச் சட்டத்தின் செயல்படும் பகுதி ஆகாது என்று. எரிச்சல் மூண்டது அங்கேதான். நான்கு நாளில், ஜனவரி 4ஆம் தேதி, தலைவர்கள் நிறுவனத்துக்கு வெளியேற்றக் கடிதம் கொடுத்தார்கள்.

தண்டவாளம்:

ரயில் பக்கம் நான் எழுதுகிறேன். "டயென்டினேகாகாரர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்" என்று இன்றும் சொல்கிறார்கள். 2020 பிப்ரவரி 6ஆம் தேதி ஒன்டாரியோவின் பெல்வில் பக்கம், வெட்சுவெட்டனுக்கு ஆதரவாக வந்த டயென்டினேகா ஊர் மோஹாக் பூர்வகுடி ஆட்கள் முதலில் நின்றது தண்டவாளத்தின் ஓரத்தில். உருப்படியாகப் பாதையில் எதுவும் வைக்காமலே ரயில் நின்றது. காரணம் எளிது. இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளச் சரக்கு வண்டி பிரேக் போட்டாலும் நிற்க ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் எடுக்கும். பாதையோரம் ஆளும் வண்டியும் இருக்கிறது என்று தெரிந்தபின் எந்தக் கட்டுப்பாட்டு அறையும் வழிவிடாது.

ஒரு கிராசிங்கில் நின்றால் நாடே ஏன் நிற்க வேண்டும்? டொராண்டோ–மான்ட்ரியல் பாதை சி.என். என்ற சரக்கு ரயில் நிறுவனத்தின் சொத்து. பயணிகள் ரயில் நிறுவனமான வியா அதில் வாடகைக்கு ஓடுகிறது, தனிப்பாதை இல்லை. பாதை அடைபட்டால் காலி வேகன்கள் மேற்கே திரும்ப முடியாது, ஏற்ற வேகன் கிடைக்காது, யார்டு நிரம்பும், அப்புறம் பிரச்சினை இல்லாத பாதையும் அடைபடும். பிப்ரவரி 13ஆம் தேதி சி.என். கிழக்குப் பிணையத்தையே மூடியது இப்படித்தான். வியா ஏறக்குறைய 1,000 பேரையும் சி.என். 450 பேரையும் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பின. கியூபெக்கில் புரோபேன் தட்டுப்பாடு பற்றிய பேச்சு வந்தது. சமாளிக்க, சி.பி. என்ற போட்டி ரயில் நிறுவனத்தின் பாதை வழியாகச் சில வண்டிகளைச் சத்தமில்லாமல் சுற்றி அனுப்பினார்கள்.

பயண டிக்கெட் ரத்தானவர்களின் கோபம் பொய்யில்லை. "சம்பந்தமில்லாத எங்களை ஏன் வதைக்கிறீர்கள்" என்பதற்கு மறியல்காரர்களின் பதில் நேரடியானது: வெட்சுவெட்டன் மக்கள் காட்டுச் சாலையில் பத்து வருடம் முகாமிட்டு நின்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, மறியலுக்குப் பிறகு பிப்ரவரி இறுதியில் மத்திய அமைச்சரும் மாகாண அமைச்சரும் பேச வந்து உட்கார்ந்தார்கள். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் கணக்கு அதுதான்.

கறுப்புக்கோட்டு:

போலீஸ் ஏன் 18 நாள் பொறுத்தது என்றும் கேட்பார்கள். சி.என். பிப்ரவரி 7ஆம் தேதியே உத்தரவு வாங்கிவிட்டது. ஒன்டாரியோ போலீஸ் உள்ளே போனது 24ஆம் தேதி, 10 பேர் கைது. 1995இல் இப்பர்வாஷில் அதே போலீஸ் சுட்டதில் ஆயுதமில்லாத டட்லி ஜார்ஜ் இறந்தார். 2007 விசாரணை அறிக்கைக்குப் பிறகு பேச்சுவார்த்தையை முதலில் வை என்பதே அவர்களின் நடைமுறை. மேற்கே, குழாய் போகும் இடத்தில், ஆர்.சி.எம்.பி. என்ற மத்திய போலீஸ் வேறு மாதிரி: மோரிஸ் மேற்குக் காட்டுச் சாலையின் 27ஆவது கிலோமீட்டரில் சோதனைச் சாவடி போட்டு, பிப்ரவரி 6 முதல் 10 வரை 39, 44, 66ஆவது கிலோமீட்டர் முகாம்களை ஒவ்வொன்றாக ஏறி 28 பேரைப் பிடித்தது.

கைதாகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: குற்றச்சாட்டு பெரும்பாலும் அத்துமீறலாக இருக்காது, நீதிமன்ற அவமதிப்பாக இருக்கும். அங்கே "நிலம் எங்களுடையது" என்ற வாதம் எடுபடாது. உத்தரவு இருந்ததா, தெரிந்திருந்ததா, மீறினீர்களா, இவ்வளவுதான். பகிரங்கமாக மீறினால் குற்றவியல் அவமதிப்பாக மாறும். ஆனால் போலீஸ் நடந்துகொண்ட விதம் கணக்கில் வரும். அதே காட்டுச் சாலையில் நடந்த 2021 நவம்பர் கைதுகளில் அதிகாரிகள் பேசிய இனவெறிப் பேச்சு ஒலிப்பதிவில் சிக்கியது. 2025 பிப்ரவரியில் நீதிபதி அதை உரிமை மீறல் என்றார். குற்றத்தீர்ப்பு ரத்தாகவில்லை, தண்டனை விஷயத்தில் மட்டும் அது எடைபோட்டது.

ஸ்கார்பரோ வாசகர்:

நம்மவர்கள் மறியலைத் திட்டும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். 2009 மே 10 அன்று, இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி டொராண்டோவின் கார்டினர் நெடுஞ்சாலையை அடைத்த தமிழர்கள் யார்? குழந்தைகளோடு போனோம் என்று அப்போது பத்திரிகைகள் திட்டியதும், "கோரிக்கை சரி, முறை தப்பு" என்று அக்கம்பக்கம் சொன்னதும் அப்படியே 2020இல் திரும்ப ஓடியது. இரண்டும் ஒன்றல்ல, நாம் அந்த நிலத்துக்கு வந்து குடியேறியவர்கள். இருந்தாலும் "சாலையை மறித்தால் கோரிக்கையே செல்லாது" என்று ஸ்கார்பரோ டீக்கடையில் சொல்லும்முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

வடகாற்று:

ஸ்கார்பரோ அண்ணா சொன்னதை மறுக்க வழியில்லை. "மறியலால் என்ன கிடைத்தது" என்பதற்கும் விடை எழுதிவிடுகிறேன். 2020 மே 14ஆம் தேதி மரபுத் தலைவர்களுக்கும் மத்திய, மாகாண அரசுகளுக்கும் இடையே நில உரிமை பற்றிய புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் குழாய்வழி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆல்பர்ட்டா தன் பங்குக்கு, ரயில், சாலை, குழாய் போன்றவற்றை மறிப்போருக்கு அபராதமும் சிறையும் விதிக்கும் சட்டம் கொண்டுவந்தது. 6.2 பில்லியன் டாலர் என்று தொடங்கிய குழாயின் செலவு 14.5 பில்லியனுக்கு ஏறியது. மறியல் ஒரு காரணம்தான், கொரோனாவும் ஒப்பந்தக்காரர் தகராறும் சேர்ந்தன. ஓடையில் வண்டல் இறங்கவிட்டதற்காக மாகாணம் அபராதம் மேல் அபராதம் போட்டது, 2023 செப்டம்பரில் மட்டும் 3,40,000 டாலர். 2023 அக்டோபர் இறுதியில் குழாய் பதிப்பு முடிந்தது. 2025 ஜூன் இறுதியில் கிட்டிமாட்டிலிருந்து முதல் எரிவாயுக் கப்பல் கிளம்பியது.

இதே வாதங்களை அப்படியே அடுத்த குழாய்க்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க: பிரின்ஸ் ரூபர்ட் குழாய்வழியின் உரிமையாளர்களில் ஒருவர் நிஸ்கா பூர்வகுடி அரசே. 2024 ஆகஸ்டில் அதற்கு எதிராகச் சாலையை அடைத்தவர்கள் பக்கத்து கிட்டன்யோ மரபுத் தலைவர்கள்.