சேலம் அம்மாபேட்டையில் இருந்து கருப்பூருக்குத் தினமும் பைக்கா, பஸ்ஸா?

அம்மாபேட்டைக்காரன்:
கருப்பூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. பஸ் என்றால் பழைய பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டு என்று மாறி மாறிப் போக வேண்டும். பைக் வாங்கலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறார். 2022ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் டூவீலரில் போனவர்கள் என்று செய்தியைக் காட்டிச் சண்டை. நிஜமாகவே அவ்வளவு ஆபத்தா?

ஓல்டு புல்லட்:
நாட்டில் பதிவான வண்டிகளில் ஏறக்குறைய முக்கால்வாசி டூவீலர்தான், சாவில் பாதிகூட இல்லை. அதை அம்மாவிடம் சொல்லுங்க. நம்ம ஊரில் எவன் வேகமாகப் போகிறான்? நாலு ரோட்டில் இருந்து அஞ்சு ரோடு வருவதற்குள் மூணாவது கியர் போட்டாலே பெரிசு. நிதானமாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. வாங்குங்க.

மெய்யனூர் வாசி:
அண்ணா, வண்டியை எண்ணினால் எப்படி? டவுன் பஸ்ஸும் ஒரே வண்டிதான், உள்ளே எத்தனை பேர்? ஆளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் பஸ் பக்கத்தில் பைக் நிற்கவே முடியாது. நிதானம் என்பதும் உங்கள் பங்குக்கு மட்டும்தான். ஸ்டாப்பில் நிற்கிற பஸ்காரன் கண்ணாடியைக் கூடப் பார்க்காமல் வலதுபக்கம் எடுப்பான். மேம்பாலத் தூண் மறைவில் இருந்து ஒருத்தர் குழந்தையை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு யூ டர்ன் அடிப்பார். 40ல் போனாலும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும், பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னாலேயே.

ஓல்டு புல்லட்:
பஸ்ஸில் போகிறவர் ஸ்டாப்புக்குப் பறந்தா போகிறார்? அதே 2022 கணக்கில் நடந்துபோய் இறந்தவர்கள் 32,825 பேர். ரோட்டைக் கடக்கிறதும் ஆபத்துதான். நாலு பக்கமும் பார்த்து ஓட்டுகிறவனும், ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போலீஸைக் கண்டதும் மாட்டுகிறவனும் ஒன்றா? 2022ல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அந்தக் கூட்டத்தைக் கழித்துப் பாருங்க, மிச்சம் எவ்வளவு என்று.

மெய்யனூர் வாசி:
கழிக்கலாம்தான். ஆனால் ஹெல்மெட் மண்டையைத்தான் காப்பாற்றும், காலையும் இடுப்பையும் இல்லை. அதுவும் ஸ்ட்ராப் மாட்டாவிட்டால் முதல் உருளலிலேயே கழன்று தனியாகப் போய்விடும். 1,000 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து தலையில் கவிழ்த்திருப்பதெல்லாம் தொப்பிதான்.

அடிவாரத்தான்:
ரெண்டு பேரும் அஞ்சு ரோட்டையே சுற்றிக்கொண்டு இருக்கிறீர்கள். ஊருக்குள் இடித்தால் பெரும்பாலும் இண்டிகேட்டர் உடையும், முட்டி தேயும். தம்பி கேட்டது கருப்பூர். மாமாங்கம் தாண்டினால் பெங்களூரு ரோடு. லாரியும் ஆம்னி பஸ்ஸும் போகிற வேகமே வேறு. 40க்கும் 80க்கும் வேகம் ரெண்டு மடங்கு, மோதுகிற சக்தி நாலு மடங்கு. போதாததற்கு யூ டர்ன் தூரம் என்று எதிரே ராங் சைடில் வருகிறவர்கள், பாதிப் பேர் ராத்திரியில் லைட்டே போடுவதில்லை. ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, எனக்கு அங்கே பயமில்லை. செகண்ட் கியரில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவனைக் கண்டால்தான் பயம். அந்தப் பெங்களூரு ரோட்டில் கியரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஓல்டு புல்லட்:
அதற்குத்தான் ஏபிஎஸ் பிரேக் இருக்கிறதே! 125 சிசிக்கு மேல் எல்லா வண்டிக்கும் 2019லேயே கட்டாயம் ஆகிவிட்டது.

அடிவாரத்தான்:
ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும், அவ்வளவுதான். பின்னால் வருகிற லாரியை யார் நிறுத்துவது? வாங்கினால் இன்சூரன்ஸில் ஓனருக்கான 15 லட்சம் விபத்து கவர் இருக்கிறதா என்று பாருங்க தம்பி. அடுத்தவருக்கான தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் உங்கள் காலே போனாலும் ஒரு பைசா வராது.

அம்மாபேட்டைக்காரன்:
அப்படியென்றால் புது பஸ் ஸ்டாண்டு வரை பைக், அங்கே பைக் ஸ்டாண்டில் போட்டுவிட்டு மிச்சம் பஸ். சரியா வருமா?

மெய்யனூர் வாசி:
அரைச் சம்மதம். மழை நாளில் மட்டும் அதுவும் வேண்டாம். முதல் தூறலில் ரோட்டு எண்ணெய் மேலே வந்து, பஸ் ஸ்டாப் ஓரமெல்லாம் வழுக்கும்.

ஓல்டு புல்லட்:
பைக்கை வாங்கி ஸ்டாண்டில் தூங்கவைப்பதா? இதற்குப் பழைய ஸ்கூட்டி ஒன்று போதும். உங்கள் அம்மா ஜெயித்துவிட்டார் என்றே சொல்லிவிடுங்க.

அம்மாபேட்டைக்காரன்:
ஸ்கூட்டி வீட்டிலேயே இருக்கிறது, அம்மாவுடையது. கேட்டுப் பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு ஸ்டாண்டில் இடம் கிடைக்குமா?