பக்கம் முடிந்தும் பாட்டு முடியாத கேசட்டுகள்

நாடாப்பிரியை:
சி-90 கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். தோழிக்குக் கொடுக்க ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துத்தான் பதிந்தேன். இருந்தும் ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு தப்பிவிட்டது. சரணத்தின் நடுவில் ரெக்கார்ட் பொத்தான் ‘டக்’கென்று மேலே வந்தது. மறுபடி பதிய நேரமில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன்.

பல வருடம் கழித்து அவள் வீட்டில் அதே பாட்டு கைபேசியில் ஓடியது. அந்த வரி வந்ததும் இருவருமே பேச்சை நிறுத்தினோம். பாட்டு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

வானொலிக்காரன்:
கணக்கு தப்பியிருக்காது, தோழி. அட்டையில் 45 என்று போட்டிருந்தாலும் நாடா பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். தொடக்கத்தில் பதியாத வெற்று நாடா ஓடித் தீர்ந்த பிறகும் நீங்கள் கொஞ்சம் காத்திருந்திருப்பீர்கள், அதில் நேரம் போயிருக்கும். நான் விரலாலேயே சுற்றிப் பழுப்பு நாடா தெரிந்த பிறகுதான் கேசட்டைப் போடுவேன்.

என்னுடையது வேறு வருத்தம். ரேடியோ முன்னால் மைக்கை வைத்து, பல நாள் காத்திருந்த பாட்டைப் பதிந்துகொண்டிருந்தேன். அம்மா உள்ளே வந்து ஏதோ கேட்டார். குரலும் சேர்ந்து பதிந்துவிட்டது. கத்திச் சண்டை போட்டேன். மறுநாளே அதன் மேல் வேறு பாட்டைப் பதிந்தேன். அம்மா இப்போது இல்லை.

பழைய டெக்:
படித்ததும் மனம் கனத்துவிட்டது. நண்பரே, அந்தக் கேசட் இருந்தால் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். முதலில் பின்பக்கத்து இரண்டு காதுகளையும், அதாவது விளிம்பிலுள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை, உடைத்துவிடுங்கள், கை தவறினாலும் பதியாது. டெக்கில் நாடாவைப் படிக்கும் தலையோடு நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருக்கிறதா பாருங்கள். டெக்கின் தலையையும் ரப்பர் உருளையையும் துடைத்துவிட்டு, நாடாவை முழுக்க ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுங்கள். அப்புறம் முதல் ஓட்டத்திலேயே கணினியில் ஏற்றிவிடுங்கள். சி-120 என்றால் இன்னும் கவனம், நாடா மெல்லியது, சிக்கிக்கொள்ளும். அறுந்தால் சாதாரண செல்லோடேப் வேண்டாம், பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடிக்கும்.

இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. அண்ணன் எனக்காகப் பதிந்த கேசட்டை டெக் மென்றுவிட்டது. நசுங்கிய 5 சென்டிமீட்டரை வெட்டி ஒட்டினேன். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல் போய்விட்டது, பல்லவியின் முதல் சொல்.

நாடாப்பிரியை:
வெற்று நாடாவைத் தாண்டித்தான் தொடங்கினேன். பாட்டுதான் நீளம்.

வானொலிக்காரன்:
கேசட் இருக்கிறது. காதுகளை இன்றே உடைத்துவிட்டேன். நேற்றிரவு ஒருமுறை கேட்டேன். நான் மேலே பதிந்த பாட்டு சற்றுத் தள்ளித்தான் தொடங்குகிறது. அதற்கு முன் பழைய பாட்டு கொஞ்சம், கூடவே கதவு திறக்கும் சத்தம். அம்மா பேசத் தொடங்குமுன் புதுப் பாட்டு வந்துவிடுகிறது.